தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் பாலிசி என்ன தரும்?

ஆரணியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் முதலில் நிற்பது தறி. இங்குள்ள பட்டுத்தறிகளில் பல, குழித்தறிகள். வீட்டுக் கூடத்திலேயே இரண்டு, இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டியிருப்பார்கள். நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டு மிதிக்கட்டைகளை மிதிப்பார். நாலு நாள் விடாமல் பெய்தால் நிலத்தடி நீர் ஏறிக் குழிக்குள் ஊறத் தொடங்கும். வாளியால் இறைத்துக் கொட்டினாலும் விடிவதற்குள் மறுபடி ஊறி நிற்கும். மேலே பாவிலும் ஈரம் ஏறி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தெருவில் பாவு நீட்டவும் வழியில்லை. சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டார நெசவு ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை இப்படித்தான் கழிகிறது.

இப்படி ஒரு வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா? எடுத்தால் எதற்குப் பணம் வரும், எதற்கு வராது? ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. நெசவாளர் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே மூன்று வகைச் சொத்து இருக்கிறது. குடியிருக்கும் வீடு ஒன்று. பிழைப்புக்கான தறி ஒன்று. முதலாளியோ சங்கமோ நெய்வதற்குக் கொடுத்திருக்கும் பட்டும் ஜரிகையும் இன்னொன்று. வீட்டில் இருப்பவர்களுக்கு இவை மூன்றும் ஒன்றாகவே தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனி மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. அந்தப் பிரிவினை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கிவிடும்.

அதற்கு முன், ஆரணியைப் பேரிடர் பகுதி என்று சொல்லலாமா என்ற கேள்வி எழலாம். கடல் இங்கே இல்லை. ஆனால் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நிற்கவில்லை. மறுநாள், டிசம்பர் 1 அன்று, இதே மாவட்டத்தின் தலைநகரான திருவண்ணாமலையில் மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகள் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். மேலே படவேடு அருகே செண்பகத்தோப்பு அணை நிரம்பித் தண்ணீர் திறக்கும் நாட்களில் அதன் குணம் வேறு. எப்போதாவது வருகிற, வந்தால் பெரிதாக அடிக்கிற இழப்பு இது. இன்சூரன்ஸ் என்ற ஏற்பாடு உண்டானதே அத்தகைய இழப்புக்காகத்தான்.

வெள்ளம் வந்தால் அரசாங்கம் கொடுக்குமே என்பது பொதுவான நம்பிக்கை. கொடுக்கும். எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு தரலாம் என்று மத்திய அரசு விதிமுறை வகுத்திருக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரையிலான விதிமுறைப்படி, சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குறைந்தது 15 சதவீதமாவது சேதமான கெட்டி வீட்டுக்கு 6,500 ரூபாய். கைத்தறி நெசவாளருக்கு அதில் தனியாக ஒரு வரி இருக்கிறது: கெட்டுப்போன தறிக் கருவிகளுக்கு 5,000 ரூபாய், நாசமான மூலப்பொருளுக்கும் நெய்த, நெய்துகொண்டிருந்த சரக்குக்கும் 5,000 ரூபாய். மாநில அரசு இதற்கு மேல் சேர்த்துக் கொடுப்பதுண்டு. ஆனாலும் நிவாரணம் என்பது உடனடியாகச் சமாளிப்பதற்கான கைக்காசு. நனைந்து பாழான ஒரு பட்டுப் பாவுக்கு 5,000 ரூபாய் எந்த மூலைக்கு என்று ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். “நான் இன்சூரன்ஸ் கட்டுகிறேன்” என்று சொல்பவரிடம் விசாரித்தால், பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கப்படும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டமாகவோ, 20 ரூபாய் பிடிக்கப்படும் சுரக்ஷா திட்டமாகவோ இருக்கும். முன்னது ஆயுள் காப்பீடு, பின்னது விபத்துக் காப்பீடு. இரண்டும் ஆளுக்கானவை. வீட்டுச் சுவர் விழுந்தால் இவற்றில் ஒரு பைசா வராது. வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி எழுதித் தரும் பாலிசியையும் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் பாலிசி ஒன்று. கட்டடத்துக்கான பாலிசி வேறு. இரண்டாவது இருக்கிறதென்று நினைத்து முதலாவதை மட்டும் வைத்திருப்பவர்கள் உண்டு.

இனி வீட்டுக்கான பாலிசிக்கு வருவோம். இந்தியாவில் இதற்கு ஒரு பொதுப் படிவம் இருக்கிறது. பெயர் ‘பாரத் கிருஹ ரக்ஷா’. இன்சூரன்ஸ் துறையைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ, 2021 ஏப்ரல் 1 முதல் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதைக் கட்டாயம் விற்க வேண்டும் என்று ஆக்கியது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். பிரீமியம், அதாவது நாம் கட்டும் தவணை, மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இந்தப் பாலிசி எல்லாச் சேதத்துக்கும் பொறுப்பேற்பதில்லை. என்னென்ன ஆபத்தால் சேதம் வந்தால் பணம் தருவோம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. இவற்றைப் ‘பெயர் குறித்த ஆபத்துகள்’ என்று சொல்லலாம். பட்டியலில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், சூறாவளி, சுனாமி, வெள்ளம், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கி மூழ்குதல், நிலச்சரிவு, பாறைச்சரிவு, வீடு நிற்கும் நிலம் அமிழ்தல், காட்டுத்தீ, மரமோ வண்டியோ வந்து மோதுதல், கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துப் பெருகுதல் ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. திருட்டும் ஓர் எல்லைக்குள் உண்டு. மேற்சொன்ன ஆபத்து ஒன்று நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் திருட்டு நடந்திருக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போன ஐந்தாம் நாள் பித்தளைப் பாத்திரங்கள் களவு போனால் கேட்கலாம். பத்தாம் நாள் போனால் கேட்க முடியாது.

வெள்ளம் இந்தப் பட்டியலில் இருப்பது சாதாரண விஷயமல்ல. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுப் பாலிசி வெள்ளத்தை ஏற்பதில்லை. அதற்கென்றே அங்கே 1968இல் அரசு தனித் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு, வீட்டை இடித்தது காற்றா தண்ணீரா என்று அங்கே நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. காற்று என்றால் பணம் உண்டு, தண்ணீர் என்றால் இல்லை. இங்கே புயலும் வெள்ளமும் ஒரே பாலிசிக்குள் இருப்பதால் அந்தச் சண்டைக்கு இடமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: தனக்கு வேண்டிய ஆபத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாலிசி வாங்கும் வாய்ப்பும் இப்போது வந்திருக்கிறது. பிரீமியம் குறைகிறதே என்று வெள்ளத்தை விட்டுவிட்ட பாலிசியாக அது இருந்துவிடக் கூடாது. பாலிசியின் முதல் பக்கங்களில் வரும் அட்டவணையில் புயலும் வெள்ளமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எவ்வளவுக்கு எடுப்பது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். வீடு 40 லட்சத்துக்குப் போகும் என்று ஒருவர் நினைப்பார். அதில் பெரும்பகுதி மனையின் விலை. வெள்ளம் மனையைக் கொண்டுபோவதில்லை. கம்பெனி கணக்கில் எடுப்பது அந்தக் கட்டடத்தை இன்றைய விலையில் மறுபடி கட்ட ஆகும் செலவை மட்டும். உள்பரப்பைக் கட்டுமான விலையால் பெருக்க வேண்டும். 600 சதுர அடி உள்பரப்பு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 லட்சம். இதுதான் ‘காப்புத் தொகை’, அதாவது கம்பெனி தரக்கூடிய உச்ச அளவு. வீட்டுப் பொருள்களுக்குத் தனியாகப் பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. கட்டடக் காப்புத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பொருள்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். நம் கணக்கில் அது 2,40,000 ரூபாய். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், டிவி, துணிமணி, பாத்திரம் எல்லாம் இதற்குள் வரும். ரொக்கமும் பத்திரங்களும் வராது. நகைக்குத் தனியாகச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர், கட்டடத்தை விட்டுவிட்டுத் தன் பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம்.

இந்தப் பாலிசியில் நல்ல அம்சம் ஒன்று இருக்கிறது. பழைய பாலிசிகளில் ‘குறைகாப்பீடு’ என்றொரு விதி உண்டு. 20 லட்ச ரூபாய் வீட்டுக்கு 10 லட்சத்துக்கே பாலிசி எடுத்திருந்தால், கம்பெனி பாதி ஆபத்தைத்தான் ஏற்றது என்று பொருள். ஆகவே 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் தரும். மொத்தக் காப்புத் தொகைக்குள் அடங்கும் சேதத்துக்கே ஏன் பாதி என்று புரியாமல் திகைத்தவர்கள் ஏராளம். கிருஹ ரக்ஷாவில் இந்த விதியை முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். 4 லட்சம் சேதமானால் 4 லட்சம் கேட்கலாம், காப்புத் தொகையைத் தாண்டாத வரை. பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுத்தால் ஆண்டுதோறும் காப்புத் தொகை 10 சதவீதம் தானாக உயரவும் ஏற்பாடு இருக்கிறது. இடிபாடுகளை அகற்றும் செலவுக்கும், வீடு சரியாகும்வரை வேறிடத்தில் குடியிருக்கும் வாடகைக்கும் ஓரளவு பணம் உண்டு.

இனி ஆரணிக்கே உரிய சிக்கல்கள். முதலாவது, சேதத்தின் காரணம். ஆற்றிலோ ஏரியிலோ உடைப்பெடுத்து, தெருவில் ஓடிய தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் அது வெள்ளம். யாரும் மறுக்க மாட்டார்கள். மாடித் தொட்டி வெடித்துக் கூடம் நனைந்தால் அதுவும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மழைக்காலம் முழுக்கத் தறிக்குழியில் ஊறும் நிலத்தடி நீர்? அதனால் குழியின் பக்கச் சுவர் மண் கரைந்து சரிந்தால்? பாலிசியின் பட்டியலில் ஊற்று, ஓதம் என்ற சொற்கள் இல்லை. திடீரென்று நேர்வதைத்தான் அது ஆபத்து என்கிறது. மெல்ல மெல்ல, ஆண்டுதோறும், எதிர்பார்த்தபடி நடப்பதை வீட்டின் பராமரிப்புச் செலவாகவே கம்பெனி பார்க்கும். தெருவெள்ளம் குழிக்குள் இறங்கினால் வழி உண்டு, குழி தானாக ஊறினால் வழியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கக்கூடியவை. அதனால்தான் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி முக்கியமாகிறது. தெருவில் தண்ணீர் நிற்கும்போதே எடுத்த போட்டோ, சுவரில் பதிந்த நீர்மட்டக் கோடு, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, அன்றைய செய்தித்தாள் ஆகியவை பிற்பாடு உதவும்.

பழைய விரிசல் வழியே கூரை ஒழுகுவதும் இதே வகைதான். நிலம் அமிழ்தலிலும் விலக்குகள் இருக்கின்றன. ‘விலக்கு’ என்றால் பட்டியலில் இருந்தும் பணம் தர மறுக்கும் சூழ்நிலை. புதுக் கட்டடம் படிவதால் வரும் விரிசல், கொட்டி நிரப்பிய மண் இறங்குவது, ஆறு கரையை அரிப்பது, கட்டியதில் இருந்த குறை ஆகியவற்றுக்குப் பணம் இல்லை. ஆற்றங்கரையை ஒட்டியோ, தூர்த்த குட்டை மேலோ வீடு கட்டியவர் இந்த வரிகளை இரண்டு முறை படிப்பது நல்லது.

கூரை எதனால் ஆனது என்பதும் விண்ணப்பத்தில் வரும் கேள்வி. கீற்று, மூங்கில், தார்ப்பாய் போன்றவற்றால் ஆன கட்டுமானத்தைக் கம்பெனிகள் தனி வகையாகப் பார்க்கின்றன. வீடு ஓட்டு வீடாகவும், பின்புறத் தறிக்கொட்டகை கீற்றாகவும் இருந்தால் அப்படியே எழுத வேண்டும். மறைத்து எழுதியது சேதத்துக்குப் பிறகு தெரிந்தால், கொட்டகைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கான பணத்துக்கும் சிக்கல் வரலாம்.

இரண்டாவது சிக்கல், பயன்பாடு. கிருஹ ரக்ஷா குடியிருப்புக்கான பாலிசி. கூடத்தில் நிற்கும் தறியும், அதன் மேல் ஏறியிருக்கும் ஜக்கார்டு பெட்டியும், அச்சும் விழுதும் கட்டில் பீரோ போன்ற வீட்டுப் பொருள்கள் அல்ல, தொழில் கருவிகள். தயாராக மடித்து வைத்த சேலை, சரக்கு. இவை வீட்டுப் பாலிசிக்குள் தானாக வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. வீட்டில் தறி இருப்பதைச் சொல்லாமல் பாலிசி எடுப்பதும் சரியல்ல. வாங்கும்போதே எழுத்தில் தெரிவித்து, அட்டவணையில் குறிக்கச் சொல்ல வேண்டும்.

தறிக்கும் சரக்குக்கும் ஏற்ற படிவம் வேறு. ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்பது அதன் பெயர். இதுவும் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. ஓரிடத்தில் மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறு தொழில்களுக்கானது. கட்டடம், இயந்திரம், கருவி, மூலப்பொருள், சரக்கு எல்லாவற்றையும் இதில் சேர்க்கலாம். புயலும் வெள்ளமும் இதிலும் உண்டு. ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குறைகாப்பீட்டு விதி இதில் முழுவதும் நீங்கவில்லை, 15 சதவீதக் குறைவு வரை மட்டுமே மன்னிக்கப்படுகிறது. தறியும் சரக்கும் 5 லட்சம் பெறும் என்றால், 3 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு ஒரு லட்ச ரூபாய் சேதத்தில் 60,000தான் வரும். 4,25,000க்கு எடுத்தவருக்கு முழுசாக வரும். ஆவணி முகூர்த்தச் சீசனுக்கு முன் வீட்டில் சரக்கு ஏறி, பிறகு இறங்கும். உச்சத்தில் இருக்கும் மதிப்பை வைத்தே தொகையைத் தீர்மானிக்க வேண்டும்.

ஐந்து கோடி வரை என்று படிவம் சொல்கிறதே தவிர, ஒற்றைத் தறிக்காரர் வீட்டுப் படியேறி இதை விற்க எந்த ஏஜெண்டும் வருவதில்லை. அதில் கிடைக்கும் கமிஷன் பஸ் செலவுக்குக் காணாது. கம்பெனிக் கிளைக்கு நாமே போய்க் கேட்டால்தான் உண்டு.

மூன்றாவது சிக்கல்தான் எல்லாவற்றிலும் நுட்பமானது. தறியில் ஏறியிருக்கும் பட்டு யாருடையது? சொந்தமாகப் பட்டு வாங்கி நெய்து விற்பவர்கள் சிலரே. பெரும்பாலோர் கூட்டுறவுச் சங்கத்திலோ, மாஸ்டர் வீவர் என்று அழைக்கப்படும் முதலாளியிடமோ பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டு வாங்கி வந்து கூலிக்கு நெய்கிறார்கள். ஒரு பாவில் இரண்டு மூன்று சேலைக்கான பட்டு இருக்கும். அதுதான் அந்தக் கூடத்திலேயே விலை உயர்ந்த பொருள். அது நெசவாளரின் சொத்து அல்ல.

இன்சூரன்ஸில் ‘காப்புநலன்’ என்றொரு அடிப்படை இருக்கிறது. ஒரு பொருள் கெட்டால் எவருக்குப் பணநஷ்டமோ அவரே அதற்கு இன்சூரன்ஸ் எடுக்க முடியும். பட்டு கெட்டால் முதல் நஷ்டம் அதன் சொந்தக்காரருக்கு. அதைத் திருப்பித் தரும் பொறுப்பு நெசவாளருக்கு இருப்பதால் அவருக்கும் ஒரு நலன் உண்டு. ஆகவே இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் பிறர் ஒப்படைத்த பொருள் என்பதைப் பாலிசியில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். முன்பிருந்த தீ பாலிசிகளில், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள்கள் தனியாகக் குறிப்பிட்டாலொழிய சேராது என்ற விலக்கு தெளிவாகவே இருந்தது. நடைமுறையில் சங்கமும் முதலாளியும் தங்கள் கிடங்குக்குப் பாலிசி வைத்திருப்பார்கள். கிடங்கிலிருந்து எடை போட்டு வெளியே போய், ஐம்பது வீடுகளின் தறிகளில் ஏறியிருக்கும் பட்டு அந்தப் பாலிசிக்குள் வருகிறதா? கேட்டால்தான் தெரியும். பல இடங்களில் உள்ள சரக்குக்கு ஒரே பாலிசி எழுதும் முறை இன்சூரன்ஸில் இல்லாத ஒன்றல்ல.

எந்தப் பாலிசியாலும் தீராத ஒன்று மீதமிருக்கிறது. வேலை நின்ற நாட்களின் கூலி. சுவர் நிற்கிறது, தறி நிற்கிறது, பட்டும் பரணில் பத்திரமாக இருக்கிறது. குழியில் தண்ணீர் இருப்பதால் இருபது நாள் நெய்ய முடியவில்லை. மேலே சொன்ன பாலிசிகள் பொருளுக்கு நேர்ந்த சேதத்தை அளக்கின்றன. இங்கே பொருள் எதுவும் சேதமாகவில்லை. இத்தகைய இழப்புக்கு வேறொரு முறை சோதிக்கப்பட்டு வருகிறது. சேதத்தை ஆள் வந்து அளக்காமல், மழையோ வெயிலோ குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே அனைவருக்கும் ஒரு தொகை போய்ச் சேரும் முறை அது. ‘அளவுகோல் காப்பீடு’ என்று சொல்லலாம். 2024 கோடையில், குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் உறுப்பினர்களான சுமார் 50,000 பெண்களுக்கு, வெயில் 40 டிகிரியைத் தாண்டியபோது தலா 400 ரூபாய் இப்படிச் சேர்ந்தது. சிறு தொகைதான். ஆனால் சர்வேயரும் இல்லை, சான்றிதழும் இல்லை. மழைமானி ஒன்றை வைத்தே ஆரணி நெசவாளருக்கும் இப்படி ஓர் ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கலாம். இன்று அது கடையில் வாங்கக் கிடைக்கும் பாலிசி அல்ல.

சேதம் நேர்ந்தபின் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் கம்பெனிக்குத் தகவல். பிறகு சர்வேயர் வருவார். நிலம் அளப்பவர் அல்ல இவர், சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்றவர். அவர் பார்க்கும் வரை எதையும் தூக்கி எறியக் கூடாது. அதே சமயம் சேதம் கூடாமல் பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. நனைந்த பாவை அப்படியே அழுக விடாமல், போட்டோ எடுத்துவிட்டு நிழலில் உலர்த்த வேண்டும். மிஞ்சிய பட்டுக்கு ஒரு விலை இருந்தால் அதைக் கழித்தே மதிப்பிடுவார். சங்கத்தின் பாஸ் புத்தகத்தில் பட்டும் ஜரிகையும் எடையோடு பதிவாகியிருக்கும். இந்த நேரத்தில் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆகவே மழைக்கு முன் அதையும் போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது புத்திசாலித்தனம்.

ஐஆர்டிஏஐ 2024இல் வகுத்த விதிப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாட்களுக்குள் அவரது அறிக்கை வர வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவு. அதிலும் சரிவராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் உத்தரவிடலாம். தனிநபர் பாலிசிகளோடு குறுந்தொழில் பாலிசிகளையும் அவர் விசாரிக்க முடியும் என்பதால் தறிக்கான பாலிசியும் அவரிடம் போகலாம்.

இவ்வளவையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது. கெட்டிச் சுவர் உள்ள வீட்டுக்குக் கிருஹ ரக்ஷா பயனுள்ள பாலிசி. வெள்ளத்தை உள்ளடக்கியிருப்பதும் குறைகாப்பீட்டை நீக்கியிருப்பதும் அதற்குப் போதுமான காரணங்கள். தறிக்குத் தனி பாலிசி எடுப்பதை ஒவ்வொரு நெசவாளர் தலையிலும் கட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது. பட்டின் சொந்தக்காரர்களான சங்கங்களும் மாஸ்டர் வீவர்களும் தங்கள் கிடங்குப் பாலிசியை எடுத்து, உறுப்பினர் வீடுகளில் இருக்கும் பாவையும் ஜரிகையையும் அதில் சேர்ப்பது அதைவிடச் சுலபம். அதே பாலிசியில் தறிகளையும் சேர்க்க முடியுமா என்று கிளை மேலாளரிடம் கேட்பதில் நஷ்டமில்லை. கேட்பதற்குக் காலம் மட்டும் முக்கியம். 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவின்படி, பிரீமியம் கைக்கு வந்த பிறகே கம்பெனி ஆபத்தை ஏற்க முடியும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவான செய்தியைக் கேட்டுவிட்டு ஆரணியிலிருந்து கிளை அலுவலகத்துக்குக் கிளம்பினால் அது தாமதமாகிவிடக்கூடும். ஆடி மாதத்தில் போனால் நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போடலாம்.